செம்பில் செதுக்கிய ஊர்கள்

செம்பும் எழுத்தும் என்றதும் தமிழர்க்கு நினைவில் வருவது செப்பேடு. அரசன் ஒருவன் கோயிலுக்கோ பள்ளிக்கோ ஓர் ஊரை அறமாக வழங்கினால், அவ்வூரின் நான்கெல்லைகளையும் சொல்லாலேயே வகுத்து, அதனைச் செம்பில் வெட்டுவித்து வைப்பது நம் முன்னோர் மரபு. கீழெல்லை இன்ன வாய்க்கால், தென்னெல்லை இன்னாருடைய புலம் என்று அவ்வாசகம் வரப்பு வரப்பாக நடந்து செல்லும். முதலாம் இராசராசன் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தபோது, பெண்யானை ஒன்றை நடத்தி எல்லை வகுத்த செய்தியை ஆனைமங்கலச் செப்பேடு தெரிவிக்கின்றது. கோடு ஒன்றும் இழுக்காமல் ஊரைக் கண்முன் நிறுத்தும் கலை அது. இன்றும் நம் வீடுகளில், தமிழகத்தைக் கண்டறியாத பேரப்பிள்ளைகளுக்குச் சொந்த ஊரை விளக்கும் பாட்டிமார், கோயிலையும் குளத்தையும் ஆற்றங்கரைத் தெருவையும் சொல்லாலேதான் வரைந்து காட்டுகின்றனர்.

அதே செம்பில் ஐரோப்பியர் கோடிழுத்தனர். அவர்களுடைய செப்புத் தகடு, அரசன் ஆணையைத் தாங்கிக் காலமெல்லாம் பெட்டகத்தில் இருப்பதற்கன்று. மையைத் தாங்கித் தாளில் பதிந்து ஊரெங்கும் பரவுவதற்கு. பதினாறாம் நூற்றாண்டிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டு முடிய இவ்வாறு அச்சேறிய நகரப் படங்கள் பலவாகும். அவற்றுள் சில இன்று பெரிய விடுதிகளின் கூடங்களிலும் வழக்கறிஞர்களின் அறைகளிலும் கண்ணாடிச் சட்டத்துக்குள் அலங்காரமாகத் தொங்குகின்றன. அலங்காரம் என்பதில் நமக்கு மறுப்பில்லை. ஆயினும் அழிந்துபோன ஊர் ஒன்றுக்கு எஞ்சிய ஒரே சாட்சியாகவும் அத்தகைய படம் ஆகிவிடுவதுண்டு. சாட்சி என்றால் குறுக்கு விசாரணையும் வேண்டுமல்லவா? அவ்விசாரணையே இக்கட்டுரையில் நாம் மேற்கொள்வது.

முதலில் தொழில்முறையைச் சிறிது அறிதல் நலம். நன்கு மெருகேற்றிய செப்புத் தகட்டில், கூரிய எஃகு உளியைக் கையால் தள்ளிக் கோடு கோடாகச் செதுக்குவது ஒரு முறை. தகட்டின்மேல் மெழுகு பூசி, ஊசியால் மெழுகைக் கீறிப் படம் வரைந்து, அமிலத்தில் தோய்த்துக் கீறிய இடங்களை மட்டும் அரிக்கச் செய்வது மற்றொரு முறை. இரண்டிலும் படம் இடவலமாக மாறி நிற்கும். ஊர்ப்பெயர், தெருப்பெயர் எல்லாவற்றையும் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பியே எழுதவேண்டும். பிறகு பள்ளங்களில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தி எடுப்பர். சில நூறு படிகள் எடுத்த பின் கோடுகள் மழுங்கத் தொடங்கும். திருத்தம் வேண்டுமானால் தகட்டின் பின்புறத்தைச் சுத்தியலால் தட்டி, முன்புறத்தை மீண்டும் சமன்செய்து, புதிதாகச் செதுக்கவேண்டும். இது எளிய வேலையன்று. ஆகவே பதிப்பாளர் பலர் திருத்தாமலே விட்டுவிட்டனர். வரலாற்று மாணவன் முதலில் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி இதுவே.

நகரப் படங்களை நூலாகத் தொகுத்தோருள் முதன்மையானவர்கள் ஜெர்மனியின் கொலோன் நகரைச் சேர்ந்த கியார்க் பிரவுன் என்னும் பாதிரியாரும், பிரான்ஸ் ஹோகன்பெர்க் என்னும் செதுக்குக் கலைஞரும் ஆவர். உலகத்து நகரங்கள் என்னும் பொருள்பட இலத்தீன் பெயர் சூட்டிய அவர்களுடைய தொகுதி, கி.பி. 1572 தொடங்கி 1617 முடிய ஆறு பாகங்களாக வெளிவந்தது. ஐந்நூற்றுக்கு மேற்பட்ட நகரக் காட்சிகள் அதில் உள்ளன. முதற்பாகத்திலேயே நம் நாட்டுக் கள்ளிக்கோட்டை இடம் பெற்றுள்ளது. தாளின் மேற்பாதி முழுவதும் அதற்கே. கீழ்ப்பாதியில் பாரசீக வளைகுடாவின் ஓர்மூஸ், நம் கண்ணனூர், ஆப்பிரிக்கக் கரையின் எல்மினா ஆகியவை ஒடுங்கியுள்ளன. கரையில் மரக்கலம் கட்டுகின்றனர். யானை ஒன்று நிற்கிறது. கடலில் கப்பல்கள் மிதக்கின்றன. கள்ளிக்கோட்டைக்கு வந்திராத கைகள், போர்ச்சுகீசியர் வழியே கிடைத்த சித்திரத்தைக் கொண்டு செதுக்கிய படம் இது. தெருவை அளந்து வரைந்ததன்று. சாமூதிரியின் நகரில் எத்தனை தெருக்கள் இருந்தன என்று இதனிடம் கேட்பதில் பயனில்லை. மிளகு வாணிகத்தால் புகழ்பெற்ற ஒரு துறைமுகத்தை ஐரோப்பிய வாசகன் எவ்வாறு மனத்தில் கண்டான் என்று கேட்டால், அதற்குத் தக்க விடை கிடைக்கும்.

இத்தொகுதியின் படங்கள் பலவற்றில், முன்புறத்து மேட்டில் அவ்வூர் உடையணிந்த ஆண்களும் பெண்களும் நிற்பர். இதற்குப் பிரவுன் கூறும் காரணம் சுவையானது. மனித உருவம் எழுதிய படத்தைத் துருக்கியர் தம் சமயக் கட்டுப்பாட்டால் பயன்படுத்தமாட்டார்; ஆகவே நகரின் அமைப்பு பகைவர்க்குப் பயன்படாது என்பது அவர் கருத்து. உண்மையில் அவர் அதை நம்பினாரா, அழகுக்காகச் சேர்த்ததற்கு ஒரு சாக்குச் சொன்னாரா என்பது நமக்கு ஐயமே. எவ்வாறாயினும், நகரின் படம் ஒரு படைக்கலம் என்னும் எண்ணம் அன்றே இருந்தது என்பது இதனால் விளங்கும்.

இந்நூலின் தாள்களுக்குப் பின்புறத்தில் அந்தந்த நகரைப் பற்றிய வருணனை அச்சிடப்பட்டிருக்கும். பழம்பொருள் வணிகர் நூலைப் பிரித்துத் தாள் தாளாக விற்கும்போது, வாங்குவோர் அதைச் சட்டத்துக்குள் அடைத்துப் பின்புறத்தைச் சுவருக்குக் காட்டிவிடுகின்றனர். கறுப்பு மையில் மட்டும் அச்சான படத்துக்கு விற்பனைக்காகப் பிற்காலத்தில் வண்ணம் பூசுவதும் உண்டு. ஒரு நூலைக் கொன்று நூறு சுவர்களுக்கு அழகு செய்யும் இவ்வாணிகம் நமக்கு உவப்பாயில்லை.

இனி, தேதி பற்றிய வழக்கைக் காண்போம். இத்தொகுதியின் முதற்பாகத்தில் லண்டன் மாநகரின் படமும் உண்டு. அதில் தூய பவுல் பேராலயத்தின் உச்சியில் ஓங்கிய கூம்பு ஒன்று காணப்படுகிறது. ஆனால் அக்கூம்பு 1561ஆம் ஆண்டிலேயே இடிவிழுந்து எரிந்துபோயிற்று. பதினோராண்டுக்கு முன் அழிந்த ஒன்று 1572ஆம் ஆண்டு நூலில் எங்ஙனம் வந்தது? அதற்கு மூலமாயிருந்தது 1550களில் செதுக்கப்பட்ட பெரிய லண்டன் படம் என்பது அறிஞர் முடிபு. அந்தப் பெரிய படம் அச்சான தாளாக ஒன்றுகூட இன்று கிடைக்கவில்லை. தகடுகள் பதினைந்து இருந்திருக்கலாம் என்று கணிக்கின்றனர். அவற்றுள் மூன்று மட்டும் கிடைத்தன. அவை கிடைத்த விதம் கதைபோல் இருக்கும்.

படம் காலம் கடந்ததாகிப் பயனற்றுப் போனபின், செம்பின் விலைக்காக அத்தகடுகள் விற்கப்பட்டன. அக்காலத்து ஓவியர் சிலர் துணிக்குப் பதிலாகச் செப்புத் தகட்டில் எண்ணெய் வண்ணம் தீட்டுவது வழக்கம். செதுக்கிய பக்கத்தைப் பின்னே திருப்பி, மறுபக்கத்தில் ஓவியம் வரைந்துவிட்டனர். முதல் இரு தகடுகள் 1950களிலும் 1960களிலும் வெளிப்பட்டன. மூன்றாவது, 1997ஆம் ஆண்டில் ஜெர்மனியின் தெஸ்ஸாவ் ஓவியக் கூடத்தில், பாபேல் கோபுர ஓவியம் ஒன்றின் முதுகில் கண்டறியப்பட்டது. முன்புறத்தைக் கண்டு மகிழ்ந்தவர்கள் எத்தனை தலைமுறையோ! பின்புறத்தில் லண்டன் தெருக்கள் இடவலமாக மாறி நின்று காத்திருந்தன.

லண்டன் என்றதும் வென்ஸஸ்லாஸ் ஹாலர் என்னும் கலைஞரைச் சொல்லாமல் மேற்செல்ல இயலாது. நம் கருத்தில், நகரை வரைந்தவர்களுள் கலைத்திறமும் நேர்மையும் ஒருங்கே வாய்த்தவர் அவர். 1607இல் பிராகு நகரில் பிறந்தார். முப்பதாண்டுப் போரால் குலைந்த ஐரோப்பாவில் ஊர் ஊராகத் திரிந்து பிழைத்தவரை, 1636இல் ஆங்கிலப் பிரபுவான அருண்டேல் கண்டெடுத்துத் தம்முடன் அழைத்துச் சென்றார். ஆக, லண்டனை அழியாத கோடுகளில் நிறுத்தியவர் லண்டன்காரர் அல்லர். பிழைக்க வந்த அயலூர்க்காரர். நம் போன்றோர்க்கு இது வியப்பாயிராது. பிறந்தவன் கவனியாத தெருமுனையை வந்து சேர்ந்தவன் கூர்ந்து பார்ப்பான்.

ஹாலர் உளியைவிட ஊசியையும் அமிலத்தையுமே பெரிதும் கையாண்டவர். தேம்ஸ் ஆற்றின் தென்கரையிலிருந்த தேவாலயக் கோபுரத்தின்மேல் நின்று தீட்டிய கோட்டோவியங்களைக் கொண்டு அவர் உருவாக்கிய லண்டன் நெடுங்காட்சி, 1647இல் ஆன்ட்வெர்ப் நகரில் அச்சாயிற்று. ஆங்கில உள்நாட்டுப் போரால் அவர் அப்போது அந்நகரில் ஒதுங்கியிருந்தார். பல தாள்களை இணைத்தால் ஓராள் நீளத்தையும் மிஞ்சும் அக்காட்சியில், ஆற்றங்கரையில் வட்ட வடிவான இரு கட்டடங்கள் உள்ளன. ஒன்று ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் நடந்த குளோப் அரங்கம். மற்றொன்று கரடியை நாய்களோடு பொரவிட்டு வேடிக்கை பார்க்கும் களம். கட்டடங்கள் சரியாகவே உள்ளன. பெயர்கள் மட்டும் இடம் மாறிவிட்டன! அயலூரில் இருந்துகொண்டு தகட்டில் எழுத்தைத் திருப்பி எழுதும்போது நேர்ந்த பிழையாயிருக்கலாம். பெயரை நம்பியவர்கள் நெடுங்காலம் கரடிக் களத்தையே குளோப் என்று எண்ணியிருந்தனர். படத்தின் உருவை ஒருவாறும் எழுத்தை வேறொருவாறும் விசாரிக்க வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

இன்னும் ஒன்று. அக்காட்சி அச்சாகும்போது குளோப் அரங்கம் இல்லை. மூன்றாண்டுக்கு முன், 1644இல், இடிக்கப்பட்டுவிட்டது என்பர். பிற்காலத்தில் அவ்வரங்கத்தை மீண்டும் எழுப்ப முனைந்தோர், ஹாலரின் மூலக் கோட்டோவியத்தையே முக்கியச் சான்றாகக் கொண்டனர். 1997இல் புதிய குளோப் திறக்கப்பட்டது.

1666ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் லண்டன் தீப்பற்றி நான்கு நாள் எரிந்தது. சுமார் 13,200 வீடுகளும் 87 கோயிற்பற்று ஆலயங்களும் தூய பவுல் பேராலயமும் அழிந்தன. அதே ஆண்டில் ஹாலர் வெளியிட்ட படத்தில், எரியாத பகுதிகளில் வீடுகள் நெருங்கி நிற்கின்றன. எரிந்த பகுதியை அவர் வெறும் வெள்ளைத் தாளாகவே விட்டுவிட்டார். தெருக்களின் கோடு மட்டும் ஓடுகிறது. சுடரும் புகையும் ஓலமிடும் மக்களுமாக அத்தீயை வரைந்தோர் பலர். அந்த வெள்ளை இடம் செய்யும் வேலையை அவற்றுள் எதுவும் செய்யவில்லை என்பது நம் எண்ணம். அடுத்த ஆண்டு, அளவையாளர் குழு ஒன்று சாம்பலின்மேல் நடந்து அளந்த கணக்கைக் கொண்டு அழிந்த பகுதியின் துல்லியமான படத்தையும் ஹாலர் செதுக்கினார். தன் வீடு எங்கே நின்றது, அண்டை வீட்டுச் சுவர் எதுவரை என்பதை மெய்ப்பிக்க வேண்டிய நிலை அப்போது ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு. நிலக்காரர்க்கும் குடியிருந்தோர்க்கும் எழுந்த வழக்குகளுக்கென்றே தனி நீதிமன்றம் அமைந்தது. ஆகவே அன்று படம் அழகுப் பொருளன்று, பிழைப்புக்கான ஆதாரம்.

இத்தனை செய்த கலைஞர் 1677இல் வறுமையில் மாண்டார். கடன்காரர் அனுப்பிய சேவகர் வீட்டுப் பொருளைக் கைப்பற்ற வந்தபோது, உயிர் பிரியும்வரை படுக்கையை மட்டும் விட்டுவைக்குமாறு வேண்டினார் என்று கூறுவர்.

துன்பத்தில் பிறந்த படம் ஒருபுறம் இருக்க, பெருமிதத்தில் பிறந்த படத்துக்குப் பாரிஸ் நகரமே சான்று. அந்நகராட்சித் தலைவராயிருந்த தூர்கோ என்பார், 1734இல் லூயி பிரெத்தேஸ் என்னும் ஓவியரை அமர்த்தினார். எந்த மாளிகைக்குள்ளும் தோட்டத்துக்குள்ளும் நுழைந்து பார்க்க அவருக்கு உரிமை வழங்கப்பட்டது. கிளாட் லூக்கா செதுக்க, 1739இல் இருபது தாள்களாகப் படம் வெளிவந்தது. வானத்துப் பறவை சாய்வாகப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு வீட்டின் சாளரமும் தெரிகிறது. தெருவிலோ ஓர் ஆள் இல்லை! அரசனுக்கும் தூதரகங்களுக்கும் பரிசளிக்கச் செய்த படமாதலால், சேறும் கூட்டமும் நீக்கிய பாரிஸ் அது. ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஓஸ்மான் பழைய சந்துகளை இடித்து அகன்ற வீதிகளை அமைத்தபின், அச்சந்துகளைக் காண இந்தப் பெருமைப் படத்தையே நாடவேண்டியதாயிற்று. அதன் செப்புத் தகடுகள் லூவர் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் பாதுகாக்கப்பட்டுள்ளன.

இனி நம் ஊருக்கு வருவோம். ஹாலரின் குளோப் கோட்டோவியம் இன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து ஓவியச் சேர்க்கையில் உள்ளது. அப்பல்கலைக்கழகம் யார் பெயரைத் தாங்குகிறது? 1687 முதல் 1692 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னராயிருந்த எலிஹு யேலின் பெயரை! அவருக்குச் சில ஆண்டுகள் கழித்து, 1698 முதல் 1709 வரை கவர்னராயிருந்தவர் தாமஸ் பிட். வைர வாணிகத்தால் பெரும் செல்வம் திரட்டியவர்; இங்கிலாந்தின் தலைமை அமைச்சர்களாக விளங்கிய இரு பிட்டுகளுக்கும் முன்னோர். சென்னையை அளந்து படம் எழுத ஆணையிட்டவர் இவரே. அவர் பதவி நீங்கிய பின், ஜான் ஹாரிஸ் என்னும் செதுக்குநர் கையால் அது செம்பில் ஏறி அச்சாயிற்று. 1913இல் ஹென்றி டேவிசன் லவ் எழுதிய பழஞ்சென்னை வரலாற்றில் அப்படம் மறுபதிப்பாக இடம் பெற்றதால் நம் ஆராய்ச்சியாளர்க்கும் எளிதில் கிட்டிற்று.

காவிரிப்பூம்பட்டினத்துக்குப் பட்டினப்பாலை இருக்கிறது; அதன் தெருவை அளந்து காட்டும் படம் இல்லை. சென்னையின் பழைய கறுப்பர் நகரத்துக்கோ படம் இருக்கிறது, பாட்டைக் காணோம். பிட்டின் படத்தில், கடலோரம் கோட்டையும் அதனைச் சூழ்ந்த மதிலுக்குள் வெள்ளையர் நகரமும் உள்ளன. 1680இல் திறந்த தூய மரியாள் ஆலயம் அதனுள் உண்டு. அதற்கு வடக்கே நேர் நேரான தெருக்களோடு கறுப்பர் நகரம். நடுவே ‘பெரிய கோயில்’ என்று ஆங்கிலத்தில் எழுதிய ஆலயம்; சென்னைக் கேசவப் பெருமாளும் சென்ன மல்லீசுவரரும் எழுந்தருளியிருந்த பட்டணத்துக் கோயில் அதுவே என்பர். அதற்கப்பால் முத்தியாலுப்பேட்டையும் பெத்துநாயக்கன்பேட்டையும்.

கும்பினியின் துணி வாணிகத்தை நடத்திய செட்டிகள், கோமுட்டிகள், துபாசிகள், நெசவாளர், சாயக்காரர் எல்லாரும் வாழ்ந்த தெருக்கள் அவை. படத்தில் அவை வெறும் கட்டங்கள். 1707ஆம் ஆண்டில், பிட் கவர்னராயிருந்தபோதே, எந்தத் தெருவில் எவர் ஊர்வலம் போகலாம் என்பது பற்றி வலங்கையார்க்கும் இடங்கையார்க்கும் பெரும் பூசல் மூண்டது. குடிகள் பலர் ஊரைவிட்டுச் சாந்தோமுக்குப் பெயர்ந்தனர். படத்திலுள்ள தெருக் கோடுகள் அக்கலகத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. அளவையாளரின் சங்கிலி தெருவின் நீளத்தை அளந்தது. அதில் நடக்க எவர்க்கு உரிமை என்பதை அளக்கவில்லை. அதனை அறியக் கும்பினியின் ஆலோசனைக் குறிப்பேடுகளைப் பக்கத்தில் வைத்துப் படிக்கவேண்டும்.

இவ்வளவு குறை இருந்தும் இப்படத்தை நாம் போற்றுவது ஏன்? அந்நகரம் இன்று இல்லை என்பதனால்தான். 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். கோட்டையை ஒட்டிய வீடுகள் பகைவர்க்கு மறைவிடமாகும் என்று கறுப்பர் நகரத்தின் ஒரு பகுதியை இடித்தனர். 1749இல் நகரைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயரும் அதே காரணத்தைச் சொல்லி எஞ்சியதை இடித்து முடித்தனர். பட்டணத்துக் கோயில் 1757இல் தகர்க்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குப்பின், மணலி முத்துகிருஷ்ண முதலியார் முதலியோர் முயற்சியால், இக்காலத்துப் பூக்கடைப் பகுதியில் பெருமாளுக்கும் ஈசனுக்கும் அடுத்தடுத்துக் கோயில்கள் எழுந்தன. குடிகள் முத்தியாலுப்பேட்டைக்கும் பெத்துநாயக்கன்பேட்டைக்கும் பெயர்ந்தனர். கறுப்பர் நகரம் என்னும் பெயரும் அவர்களோடு அங்கே பெயர்ந்தது. பின்னாளில் ஜார்ஜ் டவுன் எனப்பட்டது அவ்விடமே. பழைய நகரின் நிலமோ வெறும் திடலாயிற்று. அதில் மீண்டும் எவரும் வீடு கட்டலாகாது என்று 1773இல் எல்லைத் தூண்கள் பதின்மூன்று நடப்பட்டன. லண்டனில் தீ செய்ததைச் சென்னையில் கடப்பாறை செய்தது. லண்டனில் வீடிழந்தோர் அதே மனையில் மீண்டும் கட்டிக்கொண்டனர்; இங்கே அதற்கு வழியில்லை.

ஒரு நினைவுச்சின்னம் மட்டும் அங்கேயே தங்கிற்று. ஆங்கிலேயரின் பழைய இடுகாடு கறுப்பர் நகரத்தை ஒட்டியிருந்தது. 1758ஆம் ஆண்டின் இறுதியில் லாலி முற்றுகையிட்டபோது அவ்விடுகாட்டின் உயர்ந்த கல்லறைகள் பிரெஞ்சுப் படைக்கு மறைவாயின. ஆகவே முற்றுகைக்குப் பின் கல்லறைப் பலகைகளைப் பெயர்த்துக் கோட்டைக்குள் தூய மரியாள் ஆலய முற்றத்தில் பதித்தனர். ஜோசப் ஹின்மர்ஸ் என்னும் கும்பினி அலுவலரும், எலிஹு யேலின் குழந்தை டேவிட்டும் துயிலும் கூம்புச் சமாதியை மட்டும் விட்டுவைத்தனர். பிற்காலத்தில் அதனைச் சுற்றிச் சட்டக் கல்லூரி எழுந்தது. திடலின் பெரும்பகுதியில் 1892இல் உயர்நீதிமன்றம் திறக்கப்பட்டது.

விடுமுறைக்குச் சென்னை செல்லும் அன்பர்கள் பாரிமுனைக்குப் போனால், 1773இல் நட்ட தூண்களுள் ஒன்றை இன்றும் காணலாம். அங்கிருந்து கோட்டையை நோக்கித் தெற்கே நடக்கவேண்டும். இடப்புறம் துறைமுகம், வலப்புறம் உயர்நீதிமன்றத்தின் செந்நிறக் கோபுரங்கள். கோட்டைவாயில் வரையில் காலடியில் கிடப்பது பழைய கறுப்பர் நகரம். பிட்டின் படத்தின் நகல் கையிலிருந்தால், நேர் நேரான அத்தெருக்களை நீதிமன்றச் சுவரின்மேல் வைத்துப் பார்க்கலாம். ‘பெரிய கோயில்’ என்ற எழுத்து அச்சுவருக்கு உள்ளே விழும்.